ஹோல்டிங் ஆன்சர் தமிழில் என்ன? ‘தவணை விடை’ என்று ஒரு முன்மொழிவு

திருகோணமலையிலிருந்து:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

விடைக்குப் பதிலாக அவகாசம் மட்டும் கேட்கும் ‘ஹோல்டிங் ஆன்சர்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று போன கிழமை கேட்டிருந்தேன். அதற்கு வந்த மறுமொழிகளில் பாதி, ‘எழுத்துமூல வினா’ என்பது சரியா, ‘எழுத்து வினா’ போதாதா என்பதைப் பற்றியவை. அதை விட்டுவிடுவோம். எழுத்துமூலம், வாய்மூலம் இரண்டும் எங்கள் ஹன்சாட்டில், அதாவது பாராளுமன்ற நடவடிக்கைகளின் அச்சுப் பதிவில், ஊறிப்போன சொற்கள். தமிழ்நாட்டில் நட்சத்திரக் குறியிட்ட வினா, குறியிடாத வினா என்கிறார்கள். அது அவர்களுக்குப் பழகிய வழக்கு, அங்கேயே இருக்கட்டும். எனக்கு வினாவில் சிக்கல் இல்லை, விடையில்தான் சிக்கல்.

திருகோணமலை மாவட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் நான்கு உறுப்பினர்கள். மாவட்டத்தைப் பற்றி யார் என்ன கேட்டார், எந்த அமைச்சு எப்போது என்ன சொன்னது என்று தமிழில் ஓர் அட்டவணை தயாரித்துக்கொண்டிருக்கிறோம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. மாகாண வீதி, மாகாண வைத்தியசாலை, மாகாணப் பாடசாலை என்று எதைப் பற்றியும் எங்கள் ஊர் அவையிலேயே எழுந்து கேட்பதற்குத் தெரிவுசெய்யப்பட்ட ஒருவரும் இல்லை. ஆகவே பாராளுமன்றத்தில் கேட்கப்படும் ஒவ்வொரு வினாவும் எங்களுக்கு முன்னைவிடப் பெறுமதியானது.

அட்டவணையில் ‘விடையின் வகை’ என்று ஒரு நிரல் வைத்தோம். முழு விடை, பகுதி விடை, முன்னர் அளித்த விடையைப் பார்க்கச் சொல்லும் விடை, தகவல் ஓரிடத்தில் திரட்டப்படவில்லை என்று கைவிரிக்கும் விடை: இவற்றுக்கெல்லாம் எப்படியோ தலைப்புப் போட்டுவிட்டோம். அகப்படாமல் நின்றது ஒன்றுதான். அமைச்சர் எழுந்து, இந்த வினாவுக்கு விடையளிக்க இரண்டு வார கால அவகாசம் வேண்டும் என்கிறார். அவ்வளவுதான். சபை அடுத்த வினாவுக்குப் போய்விடும்.

பிரித்தானியக் கீழவையில் இதற்குப் பெயரே உண்டு. அங்கே சாதாரண எழுத்துமூல வினாவுக்கு ஏழு நாளில் விடை வர வேண்டும் என்பது மரபு. இன்னொரு வகையும் இருக்கிறது. எந்த நாளில் விடை வேண்டும் என்பதை உறுப்பினரே குறித்துக் கேட்பது. குறைந்தது இரண்டு அமர்வு நாள் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். ஒருவர் ஒரு நாளில் இப்படி ஐந்து வினாவுக்கு மேல் கொடுக்க முடியாது. குறித்த நாள் வந்தும் திணைக்களம் விவரம் திரட்டி முடிக்கவில்லை என்றால், கூடிய விரைவில் விடை தருகிறேன் என்ற பொருளில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குத்தான் ஹோல்டிங் ஆன்சர் என்று பெயர்.

பார்வைக்கு இது சின்ன விஷயம். ஆனால் இந்த ஒரு வரியைத் தனியாக எண்ணாவிட்டால் கணக்கே பிழைத்துவிடும். வினாவின் எதிரே ஏதோ அச்சாகியிருப்பதால் ‘விடையளிக்கப்பட்டது’ என்ற பக்கத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். திணைக்களத்துக்கு வேண்டியதும் அதுதான். எழுத்துமூல வினாவின் வலுவே, துணைக் கேள்வி, கூச்சல், கைதட்டல் எதுவும் இல்லாமல் ஓர் எண்ணையோ ஒரு திகதியையோ ஆவணத்தில் பதிய வைப்பதில் இருக்கிறது. அந்த எண் வராத நாளையும் பதிந்தால்தான் வினாவுக்கு மதிப்பு.

எங்கள் வினாக்களின் அமைப்பைப் பாருங்கள். எங்கள் மாவட்டத்துச் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 99. 2022 ஜனவரி உடன்படிக்கைகளின்படி 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. இதைப் பற்றி ஒருவர் கேட்பதானால், ஹன்சாட் நடையில் ஏறத்தாழ இப்படி அமையும் (இது நான் எழுதிய மாதிரி, யாரும் கேட்டது அல்ல):

(அ) (i) மேற்படி 61 தாங்கிகளுள் இற்றைவரை திருத்தியமைக்கப்பட்டவை எத்தனை என்பதையும்;
(ii) அதற்காகச் செலவிடப்பட்ட தொகை, ஆண்டுவாரியாக, எவ்வளவு என்பதையும்;
(iii) எஞ்சியவற்றின் வேலைகள் முடிவடையும் திகதி யாது என்பதையும்
அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா?
(ஆ) இன்றேல், ஏன்?

கடைசி வரியைக் கவனியுங்கள். ‘இன்றேல், ஏன்?’ நான் ஹன்சாட்டில் மிகவும் விரும்பும் இரண்டு சொற்கள் இவை. அறிவிக்க மாட்டீர் என்றால் அதற்குக் காரணமாவது சொல்லும் என்ற பிடி அதில் இருக்கிறது. (i) முதல் (iii) வரை ஒவ்வொன்றும் ஓர் எண்ணையோ திகதியையோதான் கேட்கின்றன. ‘அரசாங்கம் இதில் மிகுந்த கவனம் செலுத்தி வருகிறது’ என்று பேச இடமே இல்லை. ஆனால் அவகாசம் கேட்டுவிட்டால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தாண்டிவிடலாம், ‘இன்றேல், ஏன்?’ உட்பட.

இனிச் சொல்லுக்கு வருகிறேன்.

‘இடைக்கால விடை’ என்று மூவர் எழுதியிருந்தீர்கள். அகராதிக்கு ஒத்துவரும், ஆனால் பொருள் ஏமாற்றும். இடைக்கால அறிக்கை என்றால் அதில் கொஞ்சமாவது விஷயம் இருக்கும். இடைக்காலத் தடையுத்தரவு என்றால் அதற்குச் சட்ட வலு இருக்கும். இங்கே உள்ளே ஒன்றுமே கிடையாது. வெறும் உறையை அனுப்பிவிட்டுக் கடிதம் என்று சொல்வதற்கு நாங்களும் உடந்தையாகக் கூடாது.

‘தாக்காட்டு விடை’ என்ற பரிந்துரையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். அழுகிற பிள்ளைக்குப் பராக்குக் காட்டித் தாக்காட்டுவது எங்கள் வீடுகளில் நாள்தோறும் நடப்பது. ஊர்ச் சொல், அழகான சொல். ஆனாலும் அது தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. உண்மையாகவே இருபத்தைந்து மாவட்டங்களிலிருந்தும் கணக்கு வர வேண்டிய வினாவுக்கு இரண்டு வாரத்தில் விடை சொல்ல முடியாமல் போகலாம். அந்த உத்தியோகத்தரையும் தாக்காட்டுகிறவர் என்று அட்டவணையில் போட்டால், நாளைக்கு எங்களோடு ஒரு திணைக்களமும் பேசாது.

நான் முன்வைப்பது ‘தவணை விடை’. வழக்குக்குத் தவணை போடுகிறார்கள். கடனுக்குத் தவணை கேட்கிறோம். விளக்கம் சொல்லத் தேவையில்லாத சொல். கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் ஒருவர், இடையில் ஒரு நாள் என்ற மூன்றும் அதற்குள்ளேயே இருக்கின்றன. எந்த நாள் என்று சொல்லாமல் தவணை கேட்க முடியாது. எனக்குப் பிடித்த காரணம் அதுதான். ‘கூடிய விரைவில்’ என்று மட்டும் சொன்னால் அது தவணை விடைகூட ஆகாது. அதற்கு ‘நாளற்ற விடை’ என்று தனிக் கூடு போட்டுவிடலாம்.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

*

சென்னையிலிருந்து:

அம்மா, வணக்கம். உங்கள் வாதம் ரசமாக இருக்கிறது, ஆனால் எனக்கு இரண்டு தடைகள்.

ஒன்று, எங்கள் பக்கம் தவணை என்றால் முதலில் நினைவுக்கு வருவது மாதத் தவணை. ‘தவணை விடை’ என்றால் துண்டு துண்டாகத் தரப்படும் விடை என்றே இங்குள்ளவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு, இந்தியாவில் இதற்கு ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையில் வைக்கப்படும் என்று அமைச்சர் சொன்னால், அது அரசின் உறுதிமொழியாகவே கொள்ளப்படும். அதைப் பின்தொடர மக்களவையில் 1953 முதல் உறுதிமொழிக் குழு இயங்குகிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் நீட்டிப்புக் கேட்டு அந்தக் குழுவிடம் வர வேண்டும். தமிழ்நாடு சட்டமன்றத்திலும் அரசு உறுதிமொழிக் குழு உண்டு; மாவட்டம் மாவட்டமாகப் போய் ஆய்வு செய்வார்கள். எனவே ‘உறுதிமொழி விடை’ என்றால் இரு கரைக்கும் பொருந்தும் அல்லவா?

*

கிண்ணியாவிலிருந்து:

அஸ்ஸலாமு அலைக்கும். டீச்சருக்கும் சென்னை ஐயாவுக்கும் வணக்கம்.

நான் டீச்சர் பக்கம். எங்கள் ஊரில் ‘அவகாசம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச்செல்லும் மிதவை) கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபடியால்தான் சனம் அந்தப் படகில் ஏறியது. பாலம் எப்போது முடியும், அதுவரை பாதுகாப்பான மாற்றுவழி என்ன, படகுக்கு அனுமதி கொடுத்தது யார் என்ற மூன்று வினாவும் விபத்துக்கு முந்தியே எழுத்தில் கேட்டுத் திகதியோடு விடை வாங்கியிருக்க வேண்டியவை. அந்த மாதிரி வினாவுக்கு ‘இடைக்கால விடை’ என்று மரியாதையாகப் பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், சாதாரணப் பிரசையின் விண்ணப்பத்துக்கே 14 வேலைநாளில் தீர்மானம் அறிவிக்கச் சொல்கிறது. நாட்களை நீடிப்பதென்றாலும் காரணம் சொல்லித்தான் நீடிக்கலாம். அதற்கும் எல்லை உண்டு. பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் கொடுக்கும் மீனவருக்கு இருக்கிற காலக்கெடு, பாராளுமன்ற உறுப்பினருக்குக் கிடைக்கும் விடைக்கு இல்லாமல் போனால் அது என்ன நியாயம்?

தவணை என்று வைத்தால் இன்னொரு சொல் தானாகவே கிடைக்கிறது, டீச்சர். தவணை தப்பிய கடன் என்கிறோமே, அதுபோல ‘தவணை தப்பிய வினா’. தவணை கேட்டு, அந்த நாளும் போய், விடையும் வராத வினா. அட்டவணையில் அதற்குச் சிவப்பு நிறம் கொடுங்கள்.

*

திருகோணமலையிலிருந்து:

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி.

ஐயா சொன்ன உறுதிமொழிக் குழு நல்ல ஏற்பாடு. எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லத் தயார். ஆனால் சொல்லை அப்படியே எடுக்க முடியாது. உறுதிமொழி என்பது அகன்ற சொல்: பாலம் கட்டித் தருவோம் என்பதும் உறுதிமொழி, விசாரணை நடத்துவோம் என்பதும் உறுதிமொழி. விடை சொல்ல நாள் கேட்பது அதில் ஒரு துளி. மேலும், இந்தியாவில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு குழுவும் மூன்று மாதக் கெடுவும் நிற்கின்றன. அவை இல்லாத இடத்தில் ‘உறுதிமொழி விடை’ என்று எழுதினால், இல்லாத உறுதியை நாங்களே அமைச்சருக்குக் கடன் கொடுத்ததாகிவிடும்.

மாதத் தவணைத் தடை நியாயமானதே. ஆனால் ‘தவணை சொல்லிக்கொண்டே காலம் கடத்துகிறான்’ என்பது உங்கள் பக்கமும் புரியாத பேச்சு அல்லவே. துண்டு துண்டாக வரும் விடைக்கு எங்களிடம் ‘பகுதி விடை’ என்று வேறு தலைப்பு இருக்கிறது. இரண்டும் அடுத்தடுத்த கூடுகளில் நிற்கும்போது குழப்பம் வராது.

தம்பி கொடுத்த ‘தவணை தப்பிய வினா’வை இரு கைகளாலும் ஏற்கிறேன். ‘விடை’ என்று சொல்லாமல் ‘வினா’ என்று வைத்தது இன்னும் நல்லது, விடைதான் இல்லையே. அவுஸ்திரேலிய செனட்டில் எழுத்துமூல வினாவுக்கு 30 நாளில் விடை வராவிட்டால், உறுப்பினர் சபையிலேயே எழுந்து அமைச்சரிடம் விளக்கம் கேட்கலாம். கனடாவில் 45 நாள் கெடு வைத்துக் கேட்ட வினாவுக்கு அதற்குள் விடை வராவிட்டால், அந்த விடயம் குழுவுக்குப் போகும். இரண்டையும் தமிழில் எழுதும்போது ‘தவணை தப்பிய வினா’ அப்படியே பொருந்துகிறது. சிவப்பு நிறம் மட்டும் வேண்டாம்; அச்சில் கறுப்பாகத்தான் வரும், உடுக்குறி (நட்சத்திரக் குறி) போடுகிறேன்.

‘நாளற்ற விடை’யைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுப்பு இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மிச்சம் இருப்பது ஒன்று. பிரித்தானியாவில் உறுப்பினரே நாளைக் குறித்துக் கேட்கும் வினாவுக்கு ‘பெயரிட்ட நாள் வினா’ என்று யாரோ மொழிபெயர்த்திருக்கிறார்கள். நாளுக்கு யாராவது பெயர் வைப்பார்களா? கலியாணத்துக்கு நாள் குறிக்கிற ஊரில் ‘நாள் குறித்த வினா’ என்றால் போதாதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றுக் கருத்து வராவிட்டால், இந்த நான்கு சொற்களோடும் அட்டவணையின் முதல் பகுதியைக் குழுவுக்கு அனுப்பிவைக்கிறேன்.