டீர் ஃப்ளை, மாட்டு ஈ: உங்களைக் கடித்த கதை

ஸ்கார்பரோவாசி:
நுளம்பு மருந்து பூசிக்கொண்டுதான் கனடாவில் அல்கொன்குயின் பூங்காவுக்குப் போனோம். ஜூலை நடுப்பகுதி. ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் கனூ படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், போனவர்களுக்குத் தெரியும். இரண்டு கையும் விட முடியாது. அந்த நேரம் பார்த்து ஒரு டீர் ஃப்ளை, ரத்தம் குடிக்கும் ஈ, உள்ளே புகுந்து தலையைச் சுற்றத் தொடங்கியது. கனூவுக்குள் அந்த இரைச்சல் இரண்டு மடங்காகக் கேட்கும். அதுகூடப் பரவாயில்லை. திடீரென்று சத்தம் நின்றது. காதுக்குப் பின்னால் எங்கேயோ இருந்துவிட்டது! அந்த ஐந்து விநாடியை இன்னும் மறக்கவில்லை. பின்னால் வந்த மச்சான், "டேய், ரத்தம் வடியுதடா" என்றான்.

கொல்லைக்காரன்:
அண்ணே, உங்களுக்கு ஐந்து விநாடி. எங்கள் மாட்டுக்கு மழைக்காலம் முழுவதும். பால் கறக்கும்போது அடிவயிற்றில் மாட்டு ஈ ஒன்று உட்கார்ந்தது. தட்டிவிட்டேன். அது இருந்த இடத்தில் குன்றிமணி அளவு ரத்தம். அதை நக்க வீட்டு ஈ நாலு வந்துவிட்டது. அடுத்த உதையில் செம்பு கவிழ்ந்தது. போன வருடம் பக்கத்துக் கொட்டகை மாட்டுக்குச் சர்ரா, ரத்தத்தில் ஒட்டுண்ணி புகுந்து வரும் நோய். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், இந்த ஈதான் மாட்டுக்கு மாடு கொண்டுபோகிறது என்றார். நான் தட்டிவிட்டது எந்த மாட்டுக்குப் போனதோ.

வெயில்மழை:
கொல்லைக்காரரே, தட்டிவிட்டதுதான் தப்பு. கொசு மாதிரி ஊசி போடும் ஜாதி இல்லை இது. கத்தி மாதிரி வாயால் தோலை அறுத்து, ஊறும் ரத்தத்தை நக்கும். பாதியில் விரட்டினால் ஈர வாயோடு பக்கத்து மாட்டில் போய் உட்காரும், சர்ரா பரவுவதே அப்படித்தான். அடித்தால் கொன்றுவிட வேண்டும். கடிப்பது பெண் ஈ மட்டும், ஆண் பூந்தேனோடு சரி. ஜப்பானில் கறுப்பு மாட்டுக்கு வரிக்குதிரை மாதிரி வெள்ளைக் கோடு அடித்துப் பார்த்தார்கள், 2019-இல் ஆய்வு வெளிவந்தது, மேலே உட்காரும் கடிக்கும் ஈக்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஸ்கார்பரோ அண்ணா, கொசு மருந்தை ரொம்ப நம்பாதீர்கள். வெளிர் நிறச் சட்டை போடுங்கள். தொப்பியின் பின்பக்கம் இருபுறமும் ஒட்டும் டேப் வையுங்கள். டீர் ஃப்ளை தலையைத் தேடித்தான் வரும், அதிலேயே ஒட்டிக்கொள்ளும். கடும் நீலம் மட்டும் வேண்டவே வேண்டாம். என்னை முதுமலை வழியில் ஒருதடவை முழங்கையில் கடித்தது, அவ்வளவுதான்.

கொல்லைக்காரன்:
உங்களிடம் யோசனை கேட்டது யார்? முழங்காலுக்கு நடுவில் செம்பு, இரண்டு கையிலும் காம்பு, எதை வைத்துக் கொல்வது? கோடு வேறு போட வேண்டுமாம். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பெயிண்ட் அடிக்கவே எங்கள் லட்சுமி விடாது.

ஸ்கார்பரோவாசி:
என் தொப்பி வெள்ளைதான். கனூதான் கடும் நீலம்.