ஓட்டில் 1865, நிலையில் சௌமிய வருஷம்: எங்கள் வீட்டுக்கு எத்தனை வயசு?

நொய்யல்கரை:
காங்கயம் பக்கம் எங்கள் அப்பாரு கடைசிவரை இருந்த தொட்டிக்கட்டு வீடு. நடுவில் வாசல், சுற்றித் தாழ்வாரம், முன்னால் ஆசாரம், மேலே அட்டாலி (பரண்), எல்லாம் மெல்லிசுச் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். போன வாரக் காற்றில் ஒரு ஓடு விழுந்தது. புரட்டிப் பார்த்தால் பாசல் மிஷன், 1865 என்று ஆங்கிலத்தில் அச்சு. வீட்டுக்கு 160 வயசு என்று குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரே அமர்க்களம். ஆனால் தலைவாசல் நிலையில் 'சௌமிய வருஷம் தை மாதம்' என்று செதுக்கியிருக்கிறது. எதை நம்புவதுங்க? இன்னொன்று, மேற்குச் சுவரில் காரை உதிர்கிறது, கொத்தனார் மொத்தமாகக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசிடலாம் என்கிறார்.

பழையபத்திரம்:
1865 என்பது பாசல் மிஷன் என்ற ஜெர்மன்-சுவிஸ் கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த வருஷம், உங்கள் ஓடு சுட்ட வருஷம் இல்லை. பின்னால் வந்த ஓடுகளிலும் அதே அச்சுதான், நிறையப் பேர் இதில் ஏமாந்திருக்கிறார்கள். முதல் உலகப் போர் சமயத்தில் வெள்ளைக்காரன் அதை எதிரிச் சொத்து என்று எடுத்துக்கொண்டு, பிறகு காமன்வெல்த் டிரஸ்டிடம் போனது. சௌமிய 60 வருஷத்துக்கு ஒருமுறை வரும்: 1849, 1909, 1969. முதலாவதில் தொழிற்சாலையே இல்லை, கடைசியில் உங்கள் அப்பாருக்கே வயசாகியிருக்கும். அப்படியானால் தை மாதம் என்பது 1910 ஜனவரி, பிப்ரவரி.

ஓட்டுக்கூரை:
அண்ணா, அவ்வளவு சீக்கிரம் முடிக்காதீங்க. 1850இல் கட்டி நாட்டு ஓடு போட்டிருந்து, பிறகு இந்த மங்களூர்ச் சீமை ஓட்டுக்கு மாற்றியிருக்கலாமே? அட்டாலியில் ஏறி, கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தைப் பாருங்கள். நாட்டு ஓட்டுக்குக் கைமரத்தின் மேல் குறுக்குச் சட்டம் நெருக்கமாக அடிப்பார்கள், சீமை ஓட்டுக்குச் சுமார் ஓரடிக்கு ஒன்று போதும். நடுவில் பழைய ஆணி ஓட்டைகள் இருந்தால் கூரை மாறியிருக்கிறது.

சுண்ணாம்புக்கை:
சிமெண்ட் மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டில் பூசினோம், மூன்றாம் மழைக்குள் பத்தை பத்தையாகச் செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், சிமெண்ட் உள்ளேயே பூட்டிவைக்கும். கோயமுத்தூர்ப் பக்கம் மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்ததே 1934இல்தான், உங்கள் சுவருக்கு அது பழக்கமே இல்லாத சாமான். முதலில் ஒன்று சொல்லுங்கள், உதிர்வது அடியில் மட்டும்தானா? மேற்கே தெருவில் புதுசாகக் கான்கிரீட் போட்டார்களா?

நொய்யல்கரை:
ஏறிப் பார்த்தேன், வௌவால் எச்சத்தில் வழுக்கி முட்டி பேர்ந்ததுதான் மிச்சம். கைமரத்தில் ஆணி ஒரே வரிசை, இடையில் ஓட்டையே இல்லை. அப்போ 1910தான் போல, அத்தைக்குத்தான் மனசு வரவில்லை. சுவரில் உதிர்வது அடியில் இரண்டடி மட்டும். தெரு கான்கிரீட் போட்டு நாலு வருஷம், இப்போது திண்ணைக்கு ஒரு சாண்தான் கீழே இருக்கிறது. மழைத் தண்ணீர் சுவரோரம் நிற்கிறது, இதை ஏன் யோசிக்கவில்லையோ.

சுண்ணாம்புக்கை:
அதேதாங்க. முதலில் சுவரோரம் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடியவிடுங்கள், ஒரு கோடை காயட்டும். அப்புறம் அந்த இரண்டடிக்கு மட்டும் நீற்றிய சுண்ணாம்பும் மணலும், கடுக்காய் ஊறிய தண்ணீரில் குழைத்து. கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், கொட்டை நீக்கியதா என்று பார்த்து வாங்குங்கள்.