மரத்தின் காயம், பொந்து, பூஞ்சாணம்: கண்ணில் பட்டதைப் பகிருங்கள்

பசுங்கொம்பு
வெட்டி இரண்டு வருடம் ஆன கிளைக் காயத்தைப் பார்த்தாலே வெட்டிய கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். புதுப்பட்டை வளையல் மாதிரி முழு வட்டமாக உருண்டு வந்தால் வெட்டு சரி. இரண்டு பக்கம் மட்டும் உருண்டு, மேலும் கீழும் காய்ந்து கிடந்தால் அடிமரத்தோடு ஒட்டச் சீவியிருக்கிறார்கள். முளைக்குச்சி மாதிரி ஒரு சாண் நீட்டிவிட்டிருந்தால் பட்டை மூடவே மூடாது. அந்தக் குச்சி பூஞ்சாணத்துக்குப் போட்டுக் கொடுத்த பாலம்.

கிளை சேரும் இடத்தில் லேசாகப் புடைத்திருப்பதுதான் கழுத்து. பூஞ்சாணத்தைத் தடுக்கும் பீனால், பிசின் வகைகளை மரம் அங்கேதான் திரட்டும். அதனால் கழுத்துக்கு வெளியே வெட்ட வேண்டும். கனமான கிளை என்றால் மூன்று வெட்டு: அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, அடியிலிருந்து மேல்நோக்கி மூன்றில் ஒரு பங்கு ஆழம், அதற்கு ஓரிரு அங்குலம் வெளியே மேலிருந்து முழுவெட்டு, மிச்சக் குச்சியைக் கழுத்தின் ஓரத்தில் கடைசியாக. அடிவெட்டை விட்டால் கிளை சாயும்போது பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு போகும்.

வைரம்பாய்ந்தவன்
இதற்குப் பின்னால் உள்ள கணக்கு: நம் தோல் ஆறுவது போல மரம் ஆறாது. கெட்டுப்போன திசு கெட்டதுதான். அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டு, வெளியே புது மரம் வளர்த்துக்கொள்ளும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஏராளமான மரங்களை நெடுக்காகப் பிளந்து பார்த்து, 1977-இல் இதை நான்கு சுவர்களாக வகுத்து எழுதினார். மேலும் கீழும் பரவுவதைத் தடுப்பது முதல் சுவர், இருப்பதிலேயே பலவீனம். அழுகல் நெடுக்கே நீண்டு ஓடுவது அதனால்தான். உள்ளே போவதைத் தடுப்பது ஆண்டு வளையங்கள், பக்கவாட்டில் தடுப்பது ஆரக்கதிர்கள் (நடுவிலிருந்து பட்டை நோக்கி ஓடும் திசுக் கோடுகள்). நான்காவது, காயம் பட்ட பிறகு கேம்பியம் (பட்டைக்கு அடியில் புது மரத்தை வளர்க்கும் மெல்லிய அடுக்கு) புதிதாகக் கட்டுவது. பூஞ்சாணத்துக்கு எதிராக அதுதான் வலுவானது. நடுவே முழுக்கப் பொந்தான மரம் பல பத்தாண்டுகள் பசுமையாக நிற்பது இந்தச் சுவரின் புண்ணியம்.

முதல் சுவர் எப்படி எழுகிறது என்பதையும் சொல்லிவிடலாம். பக்கத்து உயிரணுக்கள் நீர்க்குழாய்க்குள் பலூன் போல ஊதிப் புகுந்து அதை அடைத்துவிடும். பெயர் டைலோஸ். சில சமயம் இதுவே வினை. எல்ம் மரங்களைக் கொல்லும் டச்சு எல்ம் நோயில் பூஞ்சாணம் முன்னே ஓட, மரம் பின்னாலேயே குழாய்களை அடைத்துக்கொண்டு வந்து தண்ணீர் ஏறாமல் வாடிப்போகிறது.

ஒட்டுக்கத்தி
அப்படியானால் பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமெண்டு அடைப்பது?

வைரம்பாய்ந்தவன்
செய்யவே கூடாது. நல்ல மரம் தெரியும்வரை உளியால் சுரண்டினால் மரம் கட்டிய சுவரை நாமே உடைத்து, அழுகலைப் புது மரத்துக்குள் விடுகிறோம். தண்ணீர் வடிய ஓட்டை போடுவதும் அதே தப்புதான். காற்றில் மரம் வளையும்போது சிமெண்டு சேர்ந்து வளையாது. ஓரத்தில் உராய்ந்து இடைவெளி விட்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். உதிரும் தூளைக் கையால் அள்ளிப் போட்டால் போதும். பயம் இருந்தால் மரச்சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொதுவான ஒரு கணக்கு: சுற்றியுள்ள நல்ல மரத்தின் தடிமன் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வேண்டும். 60 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 10 செ.மீ. தடிமன். பொந்து ஒரு பக்கம் வாய் திறந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

தென்னந்தோப்பு
ஒரு திருத்தம் அண்ணே. தென்னை, பனைக்கு இது எதுவும் பொருந்தாது. கேம்பியமே இல்லை, நான்காவது சுவரும் இல்லை. ஏறுவதற்கு வெட்டிய படி கடைசிவரை படியாகவே இருக்கும். தண்டிலிருந்து செம்பழுப்புச் சாறு வடிந்தால் கெட்ட திசுவைச் செதுக்கி எடுத்துவிட்டுப் போர்டோ பசை தடவுவதுதான் வழக்கம்.

பசை செய்ய, 1 கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்) 5 லிட்டர் தண்ணீரில், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பு 5 லிட்டரில், தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றாதீர்கள். பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே தீர்த்துவிட வேண்டும்.

பசுங்கொம்பு
கிளை வெட்டிய இடத்தில் தார், பெயிண்டு பூசுவதால் உள்ளழுகல் நிற்காது. பட்டையைத் தாக்கும் பூஞ்சாணத்துக்குப் பசை உதவும், அது வேறு விஷயம்.

ஒட்டுக்கத்தி
வறட்சிக்குப் பிறகு நுனிக்கிளை காய்வது?

வைரம்பாய்ந்தவன்
சுவர் கட்ட மாவுச்சத்து செலவாகும். வறட்சியில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், வரவு நிற்கும். திசுவுக்குள் சத்தமில்லாமல் ஒண்டியிருந்த பொட்ரியோஸ்பேரியா மாதிரிப் பூஞ்சாணங்கள் அப்போதுதான் தலைதூக்கும். அந்த நேரத்தில் கடுமையாகக் கவாத்து செய்து இலையையும் குறைக்காதீர்கள். காய்ந்ததை மட்டும் எடுங்கள். நுனியிலிருந்து காய்வது தொடர்ந்தால், ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தியை 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். தண்ணீரைத் தூரில் ஊற்றாமல் கிளைநிழல் விளிம்பு வரை பரவலாக, ஆழமாக விடுங்கள். மண்ணை மூடச் சருகு போடும் மூடாக்கு 5 முதல் 10 செ.மீ. போதும். தூரிலிருந்து ஒரு சாண் விலக்கிப் போடுங்கள். பட்டையோடு குவித்தால் ஈரம் நின்று அங்கேயே அழுகும்.