முயலுக்கு விடாத தும்மல், மூக்கில் கெட்டிச் சளி: அமாக்சிசிலின் சிரப் கொடுக்கலாமா?

மலைக்கோட்டைக்காரி (திருச்சி)

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரம். எங்க வீட்டு முயல் பேரு புட்டு. ஆண், ரெண்டு வயசு, 1.8 கிலோ. வெள்ளை உடம்பு, சிவப்புக் கண்ணு. கடையில நியூசிலாந்து ஒயிட்னு சொல்லிக் கொடுத்தாங்க.

போன வாரம் எப்பவாவது தும்மிட்டு இருந்தான். இப்போ தும்ம ஆரம்பிச்சா நிக்கவே மாட்டேங்குது. முதல்ல தண்ணியா ஒழுகின மூக்குல இப்போ வெள்ளையா, கெட்டியா வந்து அடைச்சுக்குது. முன்னங்கால் ரெண்டுலயும் உள்பக்க முடி பசை காஞ்ச மாதிரி விறைச்சுக் கெடக்கு. தூக்கிக் காதுகிட்ட வெச்சா கர்ர்னு சத்தம் கேக்குது. காலையில பெல்லட்டை (கடையில விக்கற உருண்டைத் தீனி) தொடலை, கொத்தமல்லி மட்டும் ரெண்டு காம்பு தின்னான். புழுக்கையும் சின்னதா, கம்மியா இருக்கு.

மெடிக்கல் ஷாப்ல கேட்டா, குழந்தைக்குக் கொடுக்கற அமாக்சிசிலின் சிரப்பையே கொஞ்சமா ஊத்துங்கன்னாங்க. பாப்பாவுக்கு வாங்கினது வீட்ல பாதி பாட்டில் இருக்கு. கொடுக்கலாமா? கூண்டு பால்கனியில இருக்கு, அடியில மரப்பட்டறைத் தூள் போட்டிருக்கோம்.

வெள்ளைக்காது (கோவை)

கொடுக்காதீங்க சிஸ். முதல் வேலையா அந்த பாட்டிலை எடுத்து உள்ள வெச்சுடுங்க. மத்ததை அப்புறம் பேசுவோம்.

முயலோட பெருங்குடல்ல பெரிய பை மாதிரி ஒரு பகுதி இருக்கு. தின்ற புல்லைப் புளிக்க வெச்சுச் சத்தா மாத்துறது அங்க இருக்கற நல்ல கிருமிங்கதான். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளின்டமைசின், செஃபலெக்சின் மாதிரி மருந்துங்க வாய் வழியா போனா அந்தக் கிருமிக் கூட்டமே அழிஞ்சு, க்ளாஸ்ட்ரிடியம்னு ஒரு கெட்ட கிருமி பெருகி விஷம் கக்கும். பேதியாகி ஒண்ணு ரெண்டு நாள்ல போயிடும். சளியில தப்பிச்ச முயல் சிரப்புல போன கதை நிறைய கேட்டிருக்கேன். மெடிக்கல் ஷாப்காரரைக் குத்தம் சொல்ல முடியாது, அவருக்கு முயலைப் பத்தி என்ன தெரியும்?

இப்போ மூணு விஷயம் சொல்லுங்க. ரெண்டு மூக்குத் துளையிலயும் சளி வருதா, ஒண்ணுல மட்டுமா? கண்ணுல தண்ணி வருதா? வாயைத் திறந்து மூச்சு விடறானா? கடைசிக் கேள்விக்கு ஆமான்னா இங்க பதில் போட வேணாம், உடனே ஆட்டோ பிடிச்சு டாக்டர்கிட்ட கிளம்புங்க. முயல் மூக்கால மட்டும்தான் மூச்சு விடும். வாயைத் திறக்குதுன்னா அதோட வழியெல்லாம் அடைஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

தோட்டத்து முயல் (திண்டுக்கல்)

1.8 கிலோவுல நியூசிலாந்து ஒயிட்டா! அந்த ரகம் வளர்ந்தா நாலு கிலோவுக்கு மேல நிக்கணும் தங்கச்சி. இது ஏதோ கலப்பு. அது கெடக்கட்டும்.

நான் பண்ணை வெச்சிருக்கேன். எங்க பக்கம் இதுக்கு என்ரோஃப்ளாக்சசின்ங்கற ஆன்டிபயாடிக்தான். கோழிக்குக் கொடுக்கற 10 சதவீத பாட்டில் தீவனக் கடையில கிடைக்கும். வாங்கி ரெண்டு சொட்டு விடுங்க, கேக்கும்.

வெள்ளைக்காது (கோவை)

அண்ணா, மருந்து சரி, பாட்டில் தப்பு. 10 சதவீதம்னா ஒரு மில்லியில 100 மில்லிகிராம். இவ்ளோ சின்ன முயலுக்கு அதுல கால் மில்லிகூட வேண்டி வராது. சொட்டுக்கணக்குல ஊத்தினா எவ்ளோ உள்ள போச்சுன்னே தெரியாது. தண்ணித் தொட்டியில கலக்கறதுக்குன்னு வர்ற மருந்து அது, நேரா வாயில விட்டா வாய் வெந்துடும். டாக்டர் எடை பார்த்து எழுதிக் கொடுக்கட்டும்.

சரசு அத்தை (கும்பகோணம்)

ஏம்மா, கற்பூரவல்லிச் சாறு ரெண்டு சொட்டு மூக்குல விட்டு, வென்னீர்ல நீலகிரித் தைலம் போட்டு ஆவி காட்டினா சளி கரைஞ்சுடும். எங்க வீட்டுப் பேரப்பிள்ளைங்க எல்லாம் இதுலதான் வளர்ந்துச்சு.

மலைக்கோட்டைக்காரி (திருச்சி)

நல்லவேளை கேட்டேன். சிரப் கொடுக்கலை. ரெண்டு மூக்குலயும் வருது, இடது கண்ணுலயும் லேசா தண்ணி இருக்கு. வாய் மூடித்தான் இருக்கான், ஆனா மூக்கு ரொம்ப விரிஞ்சு விரிஞ்சு அடங்குது. இங்க முயல் பார்க்கற டாக்டர் யாருன்னே தெரியலை. ராத்திரி தாங்குவானான்னு பயமா இருக்கு.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (சென்னை)

பயப்பட வேண்டாம் அம்மா, ஆனால் நாளைக் கடத்தவும் வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகள் முயல்களுக்கு வரும் மூக்குச் சளி நோய்க்குப் பொருந்துகின்றன. பெரும்பாலும் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்ற பாக்டீரியா காரணம். போர்டெடெல்லா, ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவையும் இருக்கலாம். நல்ல முயலின் மூக்கிலும் இவை சும்மா குடியிருக்கும். வெயில், இடமாற்றம், கூண்டு நாற்றம் என்று ஏதாவது ஒன்று உடம்பைத் தளர்த்தும்போது கிளம்பும். காலில் முடி ஒட்டியிருப்பது, அது மூக்கைத் துடைத்துத் துடைத்து வந்தது. வெறும் தூசித் தும்மலில் அந்த அளவுக்கு ஒட்டாது.

கண்ணில் நீர் வருவதால் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். மேல்தாடைப் பல்லின் வேர் நீண்டால் கண்ணீர்க் குழாயை அழுத்தும், மூக்கிலும் சீழ் வரும். தலையை ஒரு எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மூக்கின் உள்ளிருந்து பஞ்சுக்குச்சியில் சளி எடுத்துக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால் எந்த மருந்துக்கு அந்தக் கிருமி அடங்கும் என்பது வந்துவிடும். திருச்சியில் யாரும் கிடைக்காவிட்டால் நாமக்கல், ஒரத்தநாடு இரண்டு இடத்திலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போங்கள். போன இடத்தில் யாராவது டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசியை எடுத்தால் எதற்கு என்று கேளுங்கள். முயலுக்கு அது எதிர்ப்புச் சக்தியை வெகுவாகக் குறைத்துவிடும்.

இன்றிரவு பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று மூச்சு. தூங்கும்போது விலா ஏறி இறங்குவதைக் கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை இயல்பு. அதற்கு வெகுவாக மேலே போனாலோ, கழுத்தை நீட்டித் தலையை அண்ணாந்து மூச்சு இழுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று வயிறு, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் குடல் நின்றுபோகும். அது தனியாக ஒரு அவசர நோய்.

சரசு அம்மா சொன்ன கற்பூரவல்லி மூக்குக்குள் வேண்டாம். தைலமும் கற்பூரமும் ஏற்கெனவே புண்ணான சவ்வை இன்னும் எரிக்கும். வென்னீர் ஆவியில் சூடு ஏறி மயங்கிவிடும், முயலுக்கு வியர்க்காது.

சரசு அத்தை (கும்பகோணம்)

அப்படியா டாக்டர். அப்போ துளசி இலையாவது தின்னக் கொடுக்கலாமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (சென்னை)

தாராளமாக. துளசி, புதினா, கொத்தமல்லி எதுவும் இரண்டு மூன்று தளிர் கொடுக்கலாம். மூக்கு அடைத்த முயலுக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாததைத் தின்னவும் தின்னாது. அதனால் மணமுள்ள இலையை முதலில் நீட்டுவது நல்ல யோசனைதான்.

வெள்ளைக்காது (கோவை)

சிஸ், ஊட்டற விதம் சொல்றேன். வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சு மூக்கு ஓரத்துல ஒட்டினதை ஊற வெச்சு எடுங்க, பிச்சு இழுக்காதீங்க. மூக்கைத் துடைச்ச கையோட சாப்பாடு. பெல்லட்டை ஊற வெச்சுக் கூழாக் கரைச்சு, ஊசி இல்லாத சிரிஞ்ச்ல முன்பல்லுக்குப் பின்னால இருக்கற இடைவெளி வழியா பக்கவாட்டுல விடுங்க. அரை மில்லி விட்டுட்டு நிறுத்துங்க, அவன் மென்னு முழுங்கினதும் அடுத்தது. மூச்சு சரியில்லாதவனுக்கு அவசரமா ஊத்தினா நேரா நுரையீரலுக்குப் போயிடும். மல்லாக்கப் போட்டு ஊட்டவே கூடாது. துண்டுல சுத்தி நாலு காலும் தரையில இருக்கற மாதிரி உட்கார வைங்க. ஒண்ணுமே தின்னலைன்னா கிலோவுக்கு 50 மில்லி கணக்குல, ஒரு நாளுக்குள்ள நாலஞ்சு தடவையா பிரிச்சுக் கொடுக்கணும்.

அப்புறம் அந்த மரத்தூள். குனிஞ்சு, உங்க மூக்கைக் கூண்டுத் தரையில இருந்து நாலு விரல் உயரத்துல வெச்சு மோந்து பாருங்க. நிக்கற உயரத்துல தெரியாத மூத்திர நெடி அங்க கண்ணைக் கரிக்கும். அவன் நாள் பூரா இழுக்கற காத்து அதுதான், கூடவே பட்டறைத் தூசி. எல்லாத்தையும் அள்ளிக் கொட்டிட்டுப் பழைய நியூஸ்பேப்பரை நாலா மடிச்சுப் போட்டு தினமும் மாத்துங்க. கொசுவத்தி, ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் அந்தப் பக்கம் வேணாம்.

மலைக்கோட்டைக்காரி (திருச்சி)

அப்டேட். ராத்திரி மூச்சு அறுபதுக்குள்ளயே இருந்துச்சு. காலையில நாமக்கல் கூட்டிட்டுப் போனோம். எக்ஸ்ரேல பல் நல்லா இருக்கு, நுரையீரலும் தெளிவா இருக்குன்னாங்க, மூக்கோட நிக்குதாம். சளி எடுத்து அனுப்பிட்டு என்ரோஃப்ளாக்சசின் வாய் மருந்தும், வலிக்கு மெலாக்சிகாமும் எழுதிக் கொடுத்தாங்க. ரெண்டு வாரத்துக்குக் குறையாம கொடுக்கணுமாம். பாப்பாவோட நெபுலைசர்லயே வெறும் நார்மல் சலைன் வைக்கச் சொன்னாங்க. முகத்துல மாஸ்க் வெச்சா உதறிட்டு ஓடறான். என்ன பண்றது?

வெள்ளைக்காது (கோவை)

மாஸ்க்கே வேணாம். அவனைத் தூக்கிட்டுப் போற கூடைக்குள்ள விட்டு, குழாயை ஒரு ஓட்டை வழியா நுழைச்சு, மேல மெல்லிசான துணி போடுங்க. ஒரு பக்கம் கொஞ்சம் திறந்திருக்கட்டும். பத்துப் பதினஞ்சு நிமிஷம் போதும். முடிஞ்சதும் சளி இளகித் தும்மித் தள்ளுவான், அதைப் பார்த்துப் பயந்துடாதீங்க, நல்லதுதான். அந்த நேரத்துலயே மூக்கைத் துடைச்சு ஊட்டிடுங்க. பாப்பாவுக்கு வேற குழாய், வேற கப் தனியா வாங்கிக்கோங்க.

என்ரோ பயங்கரக் கசப்பு. மருந்துக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒரு துளி வாழைப்பழம் மசிச்சு சிரிஞ்ச் நுனியில தடவிக்கோங்க.

மலைக்கோட்டைக்காரி (திருச்சி)

ரிசல்ட் வந்துடுச்சு, பாஸ்டுரெல்லாதான். என்ரோவுக்கு அடங்கும்னு போட்டிருக்கு. கர்ர் சத்தம் நின்னுடுச்சு, புழுக்கை பழைய சைஸுக்கு வந்துடுச்சு, பெல்லட் டப்பா சத்தம் கேட்டாலே ஓடி வர்றான். ஆனா காலையில நாலஞ்சு தும்மல் இருக்கு. இன்னும் சரியாகலையா? மருந்தை நிறுத்தலாமா, வேற மாத்தணுமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (சென்னை)

எழுதிக் கொடுத்த நாள் முழுவதும் கொடுங்கள். நடுவில் நிறுத்தினால் மிச்சமிருக்கும் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அதே மருந்து வேலை செய்யாது. முடிகிற சமயத்தில் மறுபடி காட்டினால் நீட்டிப்பதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்வார்கள், சில முயல்களுக்கு வாரக்கணக்கில் ஆகும்.

ஒளிக்காமல் சொல்கிறேன், இந்தக் கிருமி மூக்கின் உள்மடிப்புகளில் பதுங்கிக்கொள்ளும். பல முயல்களிடம் அது முழுதாகப் போவதே இல்லை. தெளிந்த நீராக, எப்போதாவது வரும் தும்மலோடு நன்றாகத் தின்று, எடை குறையாமல் இருந்தால் அதுவே வெற்றி. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்தால் மட்டும் உடனே ஓடுங்கள், கிருமி உள்காதுக்குப் போயிருக்கலாம்.

தோட்டத்து முயல் (திண்டுக்கல்)

தங்கச்சி, பண்ணையில சளி வந்த முயலைக் கழிச்சுடுவோம், கூட்டத்துக்கே பரவிடும்னு. நீங்க இவ்ளோ பார்க்கறீங்க, சந்தோஷம். தீனிக்கு ஒண்ணு சொல்றேன். பாக்கெட்ல வர்ற வெளிநாட்டுப் புல்லுதான் வேணும்னு இல்லை. அருகம்புல், கோ-4ங்கற தீவனப் புல்லு, வேலிமசால்ங்கற தீவனச் செடி எல்லாம் நிழல்ல காய வெச்சுக் கொடுங்க, தூசி தட்டிட்டு. குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) மட்டும் வளர்ந்த முயலுக்குக் கொஞ்சமாத்தான், சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி. வெயில் ஏறினா தண்ணி பாட்டிலை உறைய வெச்சுத் துணி சுத்திக் கூண்டுல போட்டுடுங்க, சாஞ்சு படுத்துக்கும்.

மலைக்கோட்டைக்காரி (திருச்சி)

ரொம்ப நன்றி அண்ணா. பால்கனியில இருந்து ஹாலுக்கு மாத்திட்டோம். கடைசியா ஒண்ணு. சித்தி பையன் லீவுக்கு வர்றான், அவனோட கினி பிக்கையும் எடுத்துட்டு வருவானாம். தனிக் கூண்டுதான். ஒரே ரூம்ல வைக்கலாமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் (சென்னை)

வேண்டாம். முயலுக்குத் தொந்தரவே தராமல் அதன் மூக்கில் இருக்கும் போர்டெடெல்லா, கினி பிக்குக்கு நிமோனியா கொண்டுவரும். பரிசோதனையில் பாஸ்டுரெல்லா மட்டும் வந்தாலும் மற்றது இல்லை என்று உறுதி கிடையாது. தும்மல் துளி காற்றில் போகும், கூண்டு தனியாக இருப்பதால் பயனில்லை. வேறு அறை, வேறு தட்டு, புட்டுவைத் தொட்டால் கை கழுவிவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

மலைக்கோட்டைக்காரி (திருச்சி)

சித்திக்கு போன் பண்ணிட்டேன் சார். கினி பிக் அங்கயே பக்கத்து வீட்ல இருக்கட்டும்னு சொல்லியாச்சு. பையனுக்கு என் மேல கோவம்.