பிட்டை எண்ணுவது டூலா, நாமா?

போடிமெட்டு: ஏலக்காய்க் கலர் சார்ட்டருக்காக (கேமராவில் நிறம் பார்த்து, கழிவைக் காற்றால் ஊதிப் பிரிக்கும் மெஷின்) எஃப்பிஜிஏவில், அதாவது நாமே சர்க்யூட் அமைத்துக்கொள்ளும் சிப்பில், 16 டேப் ஃபில்டர் ஒன்று போடுகிறேன்; பதினாறு எண்களை ஒவ்வொன்றாகப் பெருக்கிக் கூட்டும் வேலை. சி கோடில் எல்லாமே 32 பிட். அதை டூலில் போட்டு அப்படியே சிந்தசிஸ் செய்தால், அதாவது சர்க்யூட்டாக மாற்றினால், ஒரு பெருக்கலே சிப்பில் உள்ள பெருக்கிகளான டிஎஸ்பியில் ஒன்றுக்கு மேல் தின்கிறது. கேமரா தருவதோ 8 பிட், அதைப் பெருக்கும் நிலையான எண்ணான கோஎஃபிஷியன்ட் 10 பிட். வேர்ட் லென்த்தை, அதாவது ஒவ்வொரு எண்ணுக்கும் ஒதுக்கும் பிட் எண்ணிக்கையை, டூலே குறைத்துத் தரும்போது கையால் எண்ணுவது வீண் வேலை என்கிறேன். மறுப்பவர் உண்டா?

கொழிஞ்சாம்பாறை: நான் இருக்கிறேன் தம்பி. 8 பிட்டையும் 10 பிட்டையும் பெருக்கினால் 18. பதினாறைக் கூட்ட இன்னும் 4. ஆக 22. இதற்கு எதற்கு டூல்? விரல் போதும்.

போடிமெட்டு: ஒரு ஃபில்டருக்கு விரல் போதும் அண்ணே. முழு டிசைனில் முந்நூறு வேரியபிள் இருக்கிறது. ஓரிடத்தில் பிட்டைக் குறைத்தால் இன்னோரிடத்தில் பிழை ஏறுகிறது. இது என்பி-கடினமான கணக்கு, அதாவது வேகமாகத் தீர்க்க வழி தெரியாத வகை என்று கான்ஸ்டன்டினிடிஸும் வோகிங்கரும் 2002-லேயே நிரூபித்துவிட்டார்கள்.

கொழிஞ்சாம்பாறை: கடினம் என்றால் டூலுக்கும் கடினம்தானே! ஒரு தடவை நானும் நம்பினேன். கொடுத்த படங்களை ஓட்டிப் பார்த்து, கூட்டுத்தொகைக்கு 20 பிட் போதும் என்றது. வண்டன்மேட்டில் மெஷினுக்கு எல்இடி பட்டையை மாற்றினார்கள், வெளிச்சம் கூடிவிட்டது. பிட் நிரம்பிவழிந்து பெரிய நேர் எண் எதிர் எண்ணாகிவிட்டது. கழிவுத் தட்டில் போய்ப் பார்த்தால் எட்டு மில்லிமீட்டர் முதல்தரப் பச்சைக் காய்! காற்று ஊதி ஊதித் தள்ளியிருக்கிறது. எஸ்டேட்காரர் தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

புத்தூர்: அண்ணே, அது டூலின் குற்றமில்லை. ஏபி ஃபிக்ஸ்ட் என்ற புள்ளி எண் வகையில் ஓவர்ஃப்ளோவுக்கு நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் எண் சுற்றிக்கொண்டுதான் வரும். உச்சத்திலேயே நிறுத்து என்று நாம்தான் எழுத வேண்டும். புள்ளிக்கு முன்னால் உள்ள பிட்டைப் படம் ஓட்டி முடிவுசெய்யக் கூடாது. கோஎஃபிஷியன்ட் எல்லாம் தெரிந்தவைதானே? குறியை விட்டுக் கூட்டி, 8 பிட்டின் உச்சமான 255-ஆல் பெருக்குங்கள், எந்த வெளிச்சத்திலும் அதைத் தாண்டாது. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை டூலிடம் விடலாம்.

கொழிஞ்சாம்பாறை: சரி, அதுவரை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உன் சிப்பில் டிஎஸ்பி பெருக்கி 25-க்கு 18 தானே, போடிமெட்டு? டூல் 18-ஐ 14 ஆக்கினாலும் டிஎஸ்பி அதே ஒன்றுதான். எதை மிச்சப்படுத்தினாய்?

போடிமெட்டு: அது உண்மைதான், நான் யோசிக்கவில்லை. டிஎஸ்பி இல்லாமல் சிப்பின் சாதாரண லாஜிக்கான லட்டில் (LUT) செய்யும் பெருக்கலுக்கும், ஒரே வேலைக்காகத் தயாரிக்கும் சிப்பான ஏசிக்குக்கும்தான் ஒவ்வொரு பிட்டும் காசு. அப்புறம் ஒரு சந்தேகம். பெருக்கியதும் கீழ்ப் பிட்டுகளை வெட்டினால் பச்சை அளவு கொஞ்சம் கீழே சாய்கிறதே?

புத்தூர்: வெறுமனே வெட்டினால் எப்போதும் கீழ்ப்பக்கம்தான் சாயும், சராசரியாக அரைப் படி; மிஞ்சும் கடைசி பிட்டின் மதிப்புதான் ஒரு படி. பதினாறு பெருக்கலுக்கு எட்டுப் படி.

போடிமெட்டு: அப்போது கடைசியில் 8 கூட்ட ஒரு கூட்டி வேண்டுமா?

கொழிஞ்சாம்பாறை: வேண்டாம். கூட்டுத்தொகையைப் பூஜ்ஜியத்தில் தொடங்காமல் 8-இல் தொடங்கு. இதை எந்த டூலும் எனக்குச் சொன்னதில்லை தம்பி.