நான்கு பிளக்கிலும் கோளாறு, மூன்றாவது மட்டும் ஈரம்: கார்புரேட்டரை மாற்றிவிடலாமா?

மைனர்65:
வண்டி 1965 மாரிஸ் மைனர் 1000. 1098 சிசி இன்ஜின், ஒற்றை எஸ்.யூ. எச்எஸ்2 கார்புரேட்டர். காலையில் சோக்கை இழுத்தால் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. சூடேறிய பிறகுதான் தொல்லை. ஐட்லிங்கில் குலுங்குகிறது, சைலன்ஸரில் கறுப்புப் புகை, பின்னால் நின்றால் பெட்ரோல் வாடையில் கண் எரிகிறது. மிதித்து ஓட்டினால் ஓரளவு சமாளிக்கிறது, நிறுத்தினால் மறுபடி அதே கதை.

பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். 1, 2, 4 மூன்றிலும் உலர்ந்த கரி, தொட்டால் கண்மை மாதிரி விரலில் ஒட்டுகிறது. 3 மட்டும் நனைந்து பளபளக்கிறது. துடைத்துப் போட்டால் கொஞ்ச தூரம் நன்றாக ஓடும், அப்புறம் பழையபடி கரி. பார்த்தவர்கள் எல்லாரும் "கார்புரேட்டர் போச்சு, புதுசு போடு" என்கிறார்கள். போடலாமா?

நாலுசக்கரம்:
ஒரு படி சூடான பிளக் போட்டுப் பாருங்கள் சார். இப்போது என்ஜிகே பிபி6ஈஎஸ் இருந்தால் பிபி5ஈஎஸ். நுனி சூடாக இருந்தால் கரி தானே எரிந்துபோகும்.

கிரீஸ்கை:
புது கார்புரேட்டரும் வேண்டாம், சூடான பிளக்கும் வேண்டாம். பிளக் நுனி ஏறத்தாழ 500 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கரியை எரித்துத் தள்ளும், அது சரிதான். ஆனால் நின்ற இடத்தில் கறுப்புப் புகை கக்கும் வண்டியில் எந்தப் பிளக்கைப் போட்டாலும் கரிதான் பிடிக்கும், பெட்ரோல் அதிகமாகப் போகிறது.

தம்பி, உங்கள் வண்டியில் இரண்டு கோளாறு சேர்ந்து நிற்கிறது என்று நினைக்கிறேன். இந்த இன்ஜினில் 1-க்கும் 2-க்கும் பொதுவாக ஒரு இன்லெட் வழி, 3-க்கும் 4-க்கும் இன்னொன்று. 4 உலர்ந்திருக்க, அதோடு வழியைப் பங்கு போடும் 3 மட்டும் நனைந்தால் அந்தப் பழியைக் கார்புரேட்டர் மேல் போட முடியாது. முதலில் அது என்ன ஈரம் என்று பாருங்கள். பிளக் நுனியை ஒரு வெள்ளைத் தாளில் ஒற்றி எடுங்கள். கறை சற்று நேரத்தில் காய்ந்து மறைந்தால் பெட்ரோல், அதாவது அந்தச் சிலிண்டர் எரியவே இல்லை. எண்ணெய்க் கறையாகத் தங்கினால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்து இன்ஜின் ஆயில் உள்ளே வருகிறது. அப்போது கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும்.

பெட்ரோல்தான் என்றால், இன்ஜினை அணைத்துவிட்டு 2, 3 பிளக்குகளை இடம் மாற்றுங்கள். ஈரம் 3-லேயே நின்றால் அடுத்து வயரை மாற்றிப் பாருங்கள். வயரின் இரண்டு முனையையும் சேர்த்து மாற்ற வேண்டும். பிளக் பக்கம் மட்டும் மாற்றினால் சிலிண்டர்கள் எரியும் 1-3-4-2 வரிசையே குலைந்துவிடும். கையோடு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.6 இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஸ்பார்க் மஞ்சளாக, சோனியாக இருந்தால் கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள். பலவீனமான ஸ்பார்க்கும் கரி பிடிக்க வைக்கும். கரண்ட் சரியாகாமல் கார்புரேட்டரில் ஸ்குரூடிரைவர் வைக்காதீர்கள்.

அப்புறம் புகை. எச்எஸ்2-வில் சோக் இழுத்தால் ஜெட் (பெட்ரோல் வரும் சின்னக் குழாய்) கீழே இறங்கி பெட்ரோல் கூடும், தள்ளினால் மேலே ஏறி உட்கார வேண்டும். கேபிளோ இணைப்புக் கம்பியோ இறுகினால் ஜெட் பாதியில் நின்றுவிடும், நாள் முழுக்கச் சோக் போட்ட மாதிரிதான் வண்டி ஓடும். காலையில் சுலபமாகப் பிடிக்கிறது, சூடானால் படுத்துகிறது என்று நீங்கள் சொல்வதும் இதற்குப் பொருந்துகிறது. இன்ஜின் ஓடும்போது ஜெட்டின் அடியை விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். சைலன்ஸர் பைப் பக்கத்தில் கை வைக்கிறீர்கள், ஜாக்கிரதை.

மைனர்65:
அண்ணா, தாளில் கறை காய்ந்து மறைந்துவிட்டது, பெட்ரோல்தான். பிளக்கை மாற்றியும் ஈரம் 3-ஐ விட்டு நகரவில்லை. வயரை மாற்றியதும் 2-க்குப் போய்விட்டது! அந்த வயரை மல்டிமீட்டரில் அளந்தால் ரீடிங்கே வரவில்லை, உள்ளே அறுந்திருக்கிறது. வெளியே பார்த்தால் புத்தம் புதுசு.

ஜெட்டும் நீங்கள் சொன்னபடிதான். சோக்கை முழுக்கத் தள்ளிய பிறகும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தொங்குகிறது. மேலே தள்ளிப் பிடித்தால் குலுக்கல் குறைகிறது, விட்டால் திரும்பி வருகிறது. கேபிள் உறைக்குள் துரு. புது வயர், புது கேபிள் இரண்டும் போட்டாயிற்று. இனி காற்று-பெட்ரோல் கலவையை எப்படி வைப்பது?

கிரீஸ்கை:
இன்ஜின் நன்றாகச் சூடேறட்டும். கார்புரேட்டர் பக்கவாட்டில், அடியில் ஒரு சின்னப் பின் இருக்கும். அதை மேலே தள்ளி பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச், அதாவது பெட்ரோல் அதிகம். இன்ஜின் தடுமாறி அணையப் பார்த்தால் லீன், அதாவது பெட்ரோல் குறைவு. லேசாகக் கூடி உடனே பழைய வேகத்துக்கு வந்தால் சரி. ஜெட்டின் அடியில் இருக்கும் நட்டை மேலே ஏற்றினால் லீன், கீழே இறக்கினால் ரிச். ஒரு தடவைக்கு நட்டின் ஆறு பக்கத்தில் ஒரு பட்டைதான், திருப்பிவிட்டு இன்ஜின் நிதானிக்கும் வரை பொறுங்கள்.

கார்புரேட்டரின் மேலே இருக்கும் டேஷ்பாட்டில் (பிஸ்டன் சட்டென்று எழாமல் தடுக்கும் எண்ணெய்க் குழி) எஸ்ஏஈ 20 எண்ணெய் இருக்கட்டும். அது வற்றியிருந்தால் திடீரென மிதிக்கும்போது வண்டி திணறும், அதைப் பார்த்து லீன் என்று ஏமாந்து நட்டைத் திருப்பிவிடப்போகிறீர்கள்.

நாலுசக்கரம்:
இவ்வளவும் செய்தும் கரி வந்தால்?

கிரீஸ்கை:
ஃப்ளோட் சேம்பரைப் பாருங்கள், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் அது. அதற்குள் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு சரியாக மூடாவிட்டால் பெட்ரோல் மட்டம் ஏறிப் புகை வரும். பழைய பம்ப்பை எடுத்துவிட்டு அழுத்தம் கூடிய எலெக்ட்ரிக் பம்ப் மாட்டியிருந்தாலும் இதே கூத்துதான்.

பிளக் நிறத்தை ஐட்லிங் முடிந்த கையோடு பார்க்காதீர்கள், எப்போதும் கறுப்பாகத்தான் காட்டும். ஆளில்லாத ரோட்டில் ஒரே சீராகக் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சை மிதித்துச் சாவியை ஆஃப் செய்து, ஓரமாக நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். பீங்கான் நுனி வெளிர் பழுப்பாக இருந்தால் அந்த நட்டை இனி தொட வேண்டாம். வெள்ளை வெளேரென்று இருந்தால் லீன், ஒரு பட்டை இறக்குங்கள்.

பிளக் வாங்கும்போது இன்னொன்று. என்ஜிகே-யில் எண் குறைந்தால் சூடு, சாம்பியனில் எண் கூடினால் சூடு. கம்பெனி மாற்றினால் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள்.