ஞானஸ்நானம் கொடுக்காத குவேக்கர்கள் கிறிஸ்தவர்களா?

சாட்ஸ்வர்த் சபையார்:
டர்பன் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிலர் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய நண்பர்கள் சபையாரான 'குவேக்கரும் நம்ம மாதிரிதான்' என்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. தண்ணீர் ஞானஸ்நானம் கிடையாது, திருவிருந்து கிடையாது, விசுவாசப் பிரமாணம் கிடையாது. 'ஞானஸ்நானம் கொடுங்கள்' என்கிற மத்தேயு 28:19ஐ விட்டுவிட்டு என்ன சபை?

மாரிட்ஸ்பர்க் வாசகி:
ஐயா, அந்த வசனத்தை அவர்கள் விடவில்லை, வேறு விதமாகப் படிக்கிறார்கள். குவேக்கர் இறையியலாளர் ராபர்ட் பார்க்ளே 1676இல் லத்தீனில் வெளியிட்ட விளக்கத்தைப் பாருங்கள். யோவான் ஸ்நானகன் கொடுத்தது தண்ணீர், பின்னால் வருகிறவர் கொடுப்பது ஆவி (மத்தேயு 3:11). எபேசியர் 4:5 'ஒரே ஞானஸ்நானம்' என்கிறது. ஒன்றுதான் என்றால் அது ஆவியினால் ஆனது என்பது அவர் வாதம். தப்பு என்று வாதாடலாம், வேதத்தைத் தூக்கிப் போட்டார்கள் என்று சொல்லக் கூடாது. இரட்சணிய சேனையும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லையே?

சாட்ஸ்வர்த் சபையார்:
சேனைக்குப் பதினொரு கோட்பாடுகள் எழுத்தில் உண்டும்மா. திரித்துவம் அதில் இருக்கிறது. பிரிட்டன் குவேக்கர்களில் கடவுளையே நம்பாதவர்கள்கூட அங்கத்தினர். உலகத் திருச்சபை மன்றம் உருவாகும்போது, 'இயேசு கிறிஸ்துவைக் கடவுளும் இரட்சகருமாக ஏற்கும் சபைகள்' என்ற அடிப்படைக்காகவே 1940இல் பிரிட்டன் குவேக்கர்களின் தலைமை அமைப்பான லண்டன் ஆண்டுக் கூட்டம் சேர மறுத்தது.

மாரிட்ஸ்பர்க் வாசகி:
எந்தப் பிரமாணத்தையும் சபைக்கு உரைகல்லாக வைக்கக் கூடாது என்பது அவர்கள் பழைய கொள்கை. மறுப்பு அதில் வந்தது. 1948இல் அதே மன்றம் தொடங்கியபோது அமெரிக்கக் குவேக்கர் அமைப்புகள் உள்ளே இருந்தன. குவேக்கர் சபையைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் 1671இல் பார்படோஸ் ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில் கன்னிப் பிறப்பு, சிலுவை, மூன்றாம் நாள் உயிர்த்தெழுதல் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. 1902இல் மிஷனரிகள் கைமோசியில் தொடங்கிய கென்யக் குவேக்கர்களுக்குப் போதகர், பிரசங்கம், பாட்டு எல்லாம் உண்டு. உலகிலேயே அதிகக் குவேக்கர்கள் அங்கேதான். பிரிட்டனை மட்டும் வைத்து அளப்பது நியாயமில்லை.

பிரிட்டோரியா மாணவன்:
இங்கே காந்தியோடு பழகிய கோட்ஸும் குவேக்கர்தானே, அக்கா. காந்தி கழுத்தில் இருந்த துளசி மணிமாலையை மூடநம்பிக்கை என்று அறுக்கப் பார்த்தார். அம்மா போட்டது என்று காந்தி விடவில்லை. எல்லா மனுஷருக்குள்ளும் ஒளி (யோவான் 1:9) என்கிறவர்களுக்கு இது எப்படிப் பொருந்தும்?

மாரிட்ஸ்பர்க் வாசகி:
நல்ல கேள்வி, தம்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவிசேஷ எழுப்புதல் குவேக்கர்களையும் பிடித்தது. கிறிஸ்துவை ஏற்காமல் மீட்பில்லை என்று கோட்ஸ் காந்தியிடம் வாதாடியது அந்தப் போக்கு. அந்த மாலை விஷயத்தில் அவர் செய்தது எனக்கு வருத்தம்தான். ஆனால் 'கிறிஸ்தவரே இல்லை' என்பதற்கு அவரே எதிர்ச்சாட்சி.

சாட்ஸ்வர்த் சபையார்:
அவர்களைப் போல ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தால் ஆராதனை ஆகுமா? யாரும் எதையும் பேசலாம், தடுக்கப் போதகரும் இல்லை.

மாரிட்ஸ்பர்க் வாசகி:
ஒழுங்கு இருக்கிறது. உள்ளே ஏவுதல் வந்தால் எழுந்து நின்று சுருக்கமாகப் பேசி உட்கார வேண்டும். அடுத்தவர் எழுமுன் அந்தச் சொல் இறங்க அமைதி விட வேண்டும். கெடுவது மூன்று வழியில்: வீட்டிலிருந்தே தயாரித்து வரும் பிரசங்கம், முன்னவருக்கு மறுப்புச் சொல்வது, ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விடாமல் பேசுவது. அப்படி நடந்தால் மூப்பர்கள் பிறகு தனியாகப் பேசுவார்கள். மூப்பர் இருவர் கைகுலுக்கினால் கூட்டம் முடிந்தது. நிர்வாகக் கூட்டத்தில் ஓட்டெடுப்பே கிடையாது. கூட்டத்தை நடத்தும் எழுத்தர் அங்கேயே தீர்மானத்தை எழுதி வாசிப்பார். மனம் ஒன்றுபடாவிட்டால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பார்கள்.

சாட்ஸ்வர்த் சபையார்:
ஒழுங்கு இவ்வளவு இருந்தும், ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று 1660இல் அரசனுக்கு அறிக்கை கொடுத்த சபையைச் சேர்ந்த நோசிஸ்வே மட்லாலா ரூட்லெட்ஜ் 1999இல் நம் நாட்டுத் துணைப் பாதுகாப்பு அமைச்சரானாரே?

மாரிட்ஸ்பர்க் வாசகி:
பிரமாணம் இல்லாத சபையில் இந்தச் சிக்கல் வரத்தான் செய்யும். அங்கே சமாதானம் என்பது ஒவ்வொருவரும் தன் மனசாட்சியில் சுமக்கும் சாட்சி, விலக்கிவைக்கும் சட்டம் இல்லை. அது அவர்கள் பலமா பலவீனமா என்பதில் நானே தடுமாறுகிறேன்.

சாட்ஸ்வர்த் சபையார்:
சரி, கிளை கிளையாகப் பேசலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் திருவிருந்தைப் பற்றி 'என்னை நினைவுகூரும்படி இதைச் செய்யுங்கள்' என்பது நேரான கட்டளை. அதற்கு என்ன பதில்?

மாரிட்ஸ்பர்க் வாசகி:
ஒருவர் காலை ஒருவர் கழுவுங்கள் என்பதும் (யோவான் 13:14) நேரான கட்டளைதான், பெரும்பாலான சபைகள் அதை ஏன் விட்டன என்று பார்க்ளே திருப்பிக் கேட்கிறார்.

சாட்ஸ்வர்த் சபையார்:
எங்கள் சபையில் காலும் கழுவுகிறோம்மா.